தலைவர் தம் வாயால் படித்த ஆண்டறிக்கை

ராயபுரம் தொடங்கி எண்ணூர் ஈறாக வாழும் சகல ஜனங்களுக்கும், துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் காத்து நிற்கும் அயல்நாட்டுக் கப்பல்களுக்கும், மணலிப் பக்கம் ஓயாமல் மூச்சுவிடும் புகைபோக்கிகளுக்கும் இதனால் தெரிவிக்கப்படுவது என்னவென்றால்: வடசென்னை கிழக்கு மளிகை, பருப்பு மற்றும் எண்ணெய் மொத்த வியாபாரிகள் ஐக்கிய முன்னேற்றச் சங்கத்தின் பொதுக்குழுவில், தலைவர் அண்ணாச்சி தவசிமுத்து அவர்கள் ஆண்டறிக்கையைத் தம் வாயால், நின்றபடி, ஒரு வரி விடாமல் படிப்பார்.

இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குச் சங்கத்தின் விதிகள் தெரியாது. ஆதியில் ஒரு தலைவர் இருந்தார். அவருக்காகக் கணக்கப்பிள்ளை அறிக்கையைப் படிப்பார். அதில் ஓட்டை கண்டுபிடித்துக் கேட்டபோது, “நானா படிச்சேன்? படிச்சவன்ட்ட கேளுங்க” என்று தலைவர் நழுவிவிட்டார். அன்றிலிருந்து தலைவரே எழுந்து நின்று படிக்க வேண்டும் என்று விதி வந்தது. நேர்மைக்காக வந்த விதி, நாளடைவில் உடல்தகுதித் தேர்வாகிவிட்டது. தடுமாறாமல் படித்தால் இன்னொரு முறை நாற்காலி. தடுமாறினால் ஒரு பொன்னாடை, ‘மூத்த ஆலோசகர்’ என்று ஒரு பட்டம், முன்வரிசையில் ஓர் இருக்கை. சங்கத்தில் இப்போது மூத்த ஆலோசகர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இதுவரை யாரும் எந்த ஆலோசனையும் கேட்டதில்லை.

இப்படி ஆலோசகரானவர்களில் கடைசி ஆள் செல்லக்கனி. அவர் தலைவராக இருந்தபோது கண்ணில் புரை விழுந்து, இரண்டாம் பக்கத்தை மருமகனிடம் நீட்டினார். அப்போது கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்த ஒருவர் கேட்டார்: “கண்ணு தெரியாத ஆளுக்கு எதுக்கு வே நாற்காலி? ஓரமா ஒரு பெஞ்சு போட்டாப் போதாதா?” மண்டபமே சிரித்தது. கேட்டவர் தவசிமுத்து. அந்தச் சிரிப்பின் மேல் ஏறித்தான் அவர் தலைவரானார். செல்லக்கனி அப்புறம் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, இப்போது எறும்பின் காலைக்கூட எண்ணிவிடுகிற பார்வையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

நியாயமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் சர்க்கரை என்று ஒன்று இருக்கிறது. அதை மூட்டை மூட்டையாக விற்ற தவசிமுத்துவின் உடம்பிலும் அது கொஞ்சம் தங்கிவிட்டது. தங்கியது விழித்திரையில். மருத்துவர் படம் போட்டு விளக்கினார். படம்தான் தெரியவில்லை. பார்வையின் நடுவில் ஒரு கருப்பு. ஓரங்களில் மட்டும் உலகம். நடக்கலாம், படி ஏறலாம், வந்தவர் குட்டையா நெட்டையா என்று சொல்லலாம். எழுத்து மட்டும் கிடையாது. ஒருவரைப் பார்க்க வேண்டுமென்றால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்க்க வேண்டும். சங்கத்தில் இதைப் பெருந்தலைவர்களுக்கே உரிய தோரணை என்று எடுத்துக்கொண்டார்கள். “தலைவர் யாரையும் நேராப் பாக்க மாட்டாரு” என்று பெருமையாகவே பேசிக்கொண்டார்கள்.

கடையில் பில்லைக் கையில் வாங்கி, சற்றுநேரம் வைத்திருந்து, “சரியாத்தான் இருக்கு” என்று திருப்பிக் கொடுப்பார். மனைவி ரெஜினாவிடம் மட்டும் கண்ணில் லேசாகப் புரை என்று சொல்லி வைத்திருந்தார். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைச் சரியான பக்கத்தில் திறந்து அவர் கையில் கொடுப்பது அவள்தான். பாட்டுகள் அவருக்கு மனப்பாடம். ஆண்டறிக்கைக்கு அந்த வசதி இல்லை. அது வருஷா வருஷம் மாறித் தொலைக்கிறது.

சங்கக் கட்டடத்தின் மாடியில் ஓர் அறை இருக்கிறது. ‘பார்வையற்றோர் கணினி ஒளி மையம்’ என்று பலகை. தவசிமுத்துதான் திறந்து வைத்தார். கண் நன்றாக இருந்த காலம் அது. “இருளில் வாடும் இவர்களுக்குக் கை கொடுப்பது நம் கடமை” என்று பேசி, கை கொடுப்பது போலவே படமும் எடுத்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் படிகளில் அவர் கால் வைக்கவில்லை. அங்கே ஆசிரியை மங்கை. காத்திவாக்கத்து மீன்பிடிக் குடும்பம். பிறவியிலேயே பார்வை கிடையாது. வாய் மட்டும் இரண்டு பேருக்குப் போதும். வேலை வருஷத்துக்கு வருஷம் பொதுக்குழு நீட்டித்தால்தான் உண்டு.

பொதுக்குழுவுக்கு ஒரு மாதம் இருக்கையில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மொத்தக் கடைகள் கொட்டாவி விடும் நேரத்தில், தவசிமுத்து அந்தப் படிகளில் ஏறினார். உள்ளே மங்கையும், அவளிடம் படிக்கும் ஜஸீமாவும் இருந்தார்கள். ஜஸீமா ராயபுரத்துப் பெண். அவளுக்கும் பார்வை கிடையாது.

“ஆய்வு பண்ண வந்தேன்” என்றார் தலைவர், தலைவர் குரலில்.

“வாங்க அண்ணாச்சி. ஒக்காருங்க, நாலஞ்சு நாற்காலி கீது.” மங்கை கொஞ்சம் பொறுத்துக் கேட்டாள்: “கண்ணு எப்பலேர்ந்து அண்ணாச்சி?”

“என்னத்த கண்ணு?”

“இல்ல, எங்க ரூம்பு இருட்டு. நாங்க லைட்டே போடறதில்ல. கண்ணு தெரியிறவங்க யாரு வந்தாலும் மொதல்ல செவுத்தத் தட்டி சுவிட்சத் தேடுவாங்க. அப்பால, ‘இன்னாம்மா இப்படி இருட்டுல ஒக்காந்துகினு’ன்னு ரெண்டு திட்டு. நீங்க நேரா வந்து பேச ஆரம்பிச்சிட்டீங்க.”

தவசிமுத்து எழுந்து போய்விடப் பார்த்தார். ஆனால் கதவு எந்தப் பக்கம் என்பதில் சிறு குழப்பம். மறுபடி உட்கார்ந்தார்.

“சாயங்காலம் போட்டோவோட போர்டு மாட்டிற மாட்டியே” என்றார். குரல் பாதியாகியிருந்தது.

“இங்க யாரு வந்தாங்க, யாரு அழுதாங்கன்னு நான் வெளிய சொல்றதில்ல. மொத நாளு எல்லாரும் அழுவாங்க. நீங்க அழுவணும்னாலும் அழுவலாம், ஜஸீமா காத மூடிக்குவா.”

“நான் ஒரு காத மூடிக்கிறேன்” என்றாள் ஜஸீமா.

தலைவர் அழவில்லை. திட்டத்தைச் சொன்னார். கம்ப்யூட்டர் எழுத்தைப் படிக்கும் என்று திறப்பு விழாவில் அவரே பேசியிருக்கிறார். அது காதுக்குள் படிக்கட்டும். அவர் அதைத் தம் வாயால் திருப்பிச் சொல்வார். மேடையில் மடிக்கணினி இருக்கும், அதற்கு முன்னால் காகிதமும் இருக்கும். பார்க்கிறவர்கள் காகிதத்தைப் படிப்பதாக நினைத்துக்கொள்வார்கள். அறிக்கையை மங்கையே தட்டச்சு செய்து தர வேண்டும். “இத மட்டும் முடிச்சுக் குடு. உன் வேலைய நிரந்தரமாக்கி அன்னைக்கே தீர்மானம் போடுதேன்.”

“அண்ணாச்சி, பேசாம ‘எனக்குக் கண்ணு தெரியல, மிசினு படிக்கும் கேளுங்க’ன்னு சொல்லிட்டா இன்னா?”

“சொல்லலாம். செல்லக்கனி எனக்கு பெஞ்சு வாங்கிட்டு வருவாரு.”

பொருளாளர் போனில் சொன்ன கணக்குகளை வைத்து இரண்டு நாளில் அறிக்கையைத் தட்டச்சு செய்து முடித்து, மங்கை திரைவாசிப்பானை ஓட விட்டாள். பெண்குரல் ஒன்று படபடவென்று கொட்டியது. தவசிமுத்து திடுக்கிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

“இது என்ன பாஷை?”

“தமிழுதான். உங்க அறிக்கைதான்.”

“உளுந்து மூட்டை கிழிஞ்ச மாதிரில்லா இருக்கு.”

“எங்களுக்கு இதான் நடை. பழகிட்டா காது ஓடும் அண்ணாச்சி. கண்ணு தெரியிறவங்க பேப்பர்ல சரசரன்னு ஓட்டிகினு போறாங்கல்ல, அது மாதிரி.” அவள் விசைகளை அமுக்கி வேகத்தைக் குறைத்தாள். அவர் இன்னும் என்றார். குறைத்தாள். இன்னும் என்றார்.

“இதுக்கு மேல கொறைச்சா அது தூங்கிரும்” என்றாள் ஜஸீமா.

வேகம் படிந்ததும் தலைவருக்கு இன்னொரு குறை தோன்றியது. “ஆம்பளைக் குரலா மாத்து. பொதுக்குழு அறிக்கைய ஒரு பொம்பளை படிச்சா மரியாதையா இருக்காது.”

“உங்க காதுக்குள்ளதான படிக்கப் போவுது?”

“எனக்கே மரியாதையா இருக்காதுல்லா.”

மங்கை குரலை மாற்றினாள். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சொல்லாமல் நிறுத்தினாள். கீழ் அம்பு விசையை ஒருமுறை அமுக்கினால் ஒரு வரி. வரியைச் சொல்லி முடித்து, அடுத்ததை அமுக்க வேண்டும். முதல் நாள் அவர் வரியைக் கேட்டுவிட்டுச் சொல்ல மறந்தார். அடுத்த நாள் சொல்லிக்கொண்டே அமுக்கியதில், அறிக்கையும் தலைவரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் தாளம் பிடிபட்டது. உண்மையைச் சொன்னால், அந்த மதியங்களில் அவர் சந்தோஷமாகவே இருந்தார். எழுத்து அவரை விட்டுப் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் ஆண்டறிக்கையை மூடிவிட்டு மங்கை செய்தித்தாளைத் திறந்து வைத்தாள். துவரம்பருப்பு விலை நிலவரத்தைத் தாமே கேட்டு முடித்துவிட்டு, தலைவர் மூக்கை உறிஞ்சினார். ஜஸீமா ஒரு காதை மூடிக்கொண்டாள்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான் வந்தது.

“அண்ணாச்சி, உங்க செட்டிங்க உங்க பேருல சேவ் பண்ணிடறேன். டெய்லி இந்த வேகத்துக்குக் கொண்டாந்து, அப்பால பசங்களுக்கு மாத்தி, பேஜாரா கீது. பேரு போட்டு வச்சிட்டா, மிசின அணைச்சிப் போட்டாலும் உங்களுது தனியா இருக்கும். நீங்க ஒரு பட்டன அமுக்கனா போதும்.”

“பேரா?”

“ஆமா. இதுல வரிசையா கீது பாருங்க, ஜஸீமா, இஷ்ரத், அசோகன்...”

தவசிமுத்து நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். கல்வெட்டில், காலண்டரில், கல்யாண மண்டபச் சுவரில், மயானத்துக்குச் செய்து கொடுத்த இரும்பு பெஞ்சில்கூடப் பெயர் பொறித்தவர் அவர். பொறிக்க இடம் கேட்டு அலைந்த பெயர் அது. இந்த ஒரு வரிசையில் மட்டும் அது வரக்கூடாது.

“வேணாம்.”

“வேற பேரு போட்டுக்கலாமே. எதுனா ஒரு பேரு.”

“புதுப்பேரு யாருன்னு ஒருத்தன் கேப்பான். ஒரு தடயமும் வேணாம்னு சொல்லுதேன்லா.”

“அப்படின்னா மிசின அணைக்கக் கூடாது. அணைச்சித் தொறந்தா எங்க வேகத்துக்கே போயிடும்.”

“அணைச்சாத்தானே? மூடி மட்டும் போட்டுத் தூக்கிட்டுப் போயிருதேன்.”

அப்படித்தான் முடிவானது. பொதுக்குழுவன்று காலையில் மங்கை வேகத்தைக் குறைத்து, ஆண்குரலை வைத்து, அறிக்கையைத் திறந்து, மூடியைச் சாத்திக் கொடுத்தாள். தவசிமுத்து அதைக் குழந்தையைப் போல நெஞ்சில் அணைத்துக்கொண்டு திருவொற்றியூர்க் கல்யாண மண்டபத்துக்குப் போனார். கம்பியில்லாத காதுக்கருவி சட்டைப் பையில் தயாராக இருந்தது. மேடையேறும்போது துண்டால் வியர்வை துடைக்கிற சாக்கில் காதில் செருகிக்கொள்வதாக ஏற்பாடு.

மண்டபத்தில் பிரியாணி வாசனை வந்த பிறகுதான் கூட்டம் சேர்ந்தது. ஒளி மையத்தின் மாணவர்கள் மங்கையோடு மூன்றாம் வரிசையில் உட்கார வைக்கப்பட்டார்கள். அது கேமராவுக்குத் தோதான வரிசை. முன்வரிசையில் செல்லக்கனி. மேடையில் வரவேற்புரை, வாழ்த்துரை, வாழ்த்துரைக்கு நன்றியுரை. பொன்னாடைகளுக்குப் பஞ்சமில்லை. அந்தச் சந்தடியில், மைக்செட்டும் பெரிய திரையும் கொண்டுவந்திருந்த அஃப்ரித், சங்கத்தின் சாதனைப் படங்களைத் திரையில் காட்டுவதற்காகத் தலைவரின் மடிக்கணினியைத் திறந்தார். திரையோடு அது ஒட்டவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் உலகெங்கும் செய்வதைத்தான் அவரும் செய்தார். அணைத்துவிட்டுத் திறந்தார். ஒட்டிக்கொண்டது. படங்கள் ஓடி முடிந்ததும், பொறுப்பான மனிதர் என்பதால், அறிக்கையையும் முன்போலவே திறந்து வைத்துவிட்டு இறங்கினார். பொன்னாடைக்குக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த தவசிமுத்துவுக்கு இது எதுவும் தெரியாது.

“தலைவர் இப்போது ஆண்டறிக்கையைத் தம் வாயால் படிப்பார்.”

தவசிமுத்து எழுந்தார், துடைத்தார், செருகினார். காகிதத்தைக் கையில் எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தார். இன்னொரு கை மடிக்கணினியில். “அவையோர்க்கு வணக்கம்” என்றார். அது மனப்பாடம். கீழ் அம்பை அமுக்கினார்.

உளுந்து மூட்டை கிழிந்தது.

பழைய பெண்குரல். பழைய வேகம். என்ன சொன்னது என்று பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. மீண்டும் அமுக்கினார். இன்னொரு வரி, ஒரு தும்மல் நேரத்தில் வந்து போனது. முதல் பத்தி ஒத்திகையில் பழகியது என்பதால் நினைவிலிருந்து சொன்னார். “நம் சங்கம் இந்த ஆண்டில் பல்வேறு நற்பணிகளை...” கைதட்டல். அடுத்தது புதிய உறுப்பினர் சேர்க்கை, அதற்கடுத்தது சங்க நிதி. எல்லாம் எண்கள். எண்கள் நினைவில் இல்லை. நெற்றியில் இப்போது வந்தது நிஜ வியர்வை.

“என்ன தவசி, எழுத்து பொடிசா இருக்கோ?” முன்வரிசையிலிருந்து செல்லக்கனியின் குரல் பரிவோடு வந்தது. “என் கண்ணாடி தரட்டுமா?”

மண்டபம் லேசாகச் சிரித்தது. தவசிமுத்துவின் விரல் விசைகளின் மேல் அலைந்து, முழுவதையும் நிறுத்தாமல் படிக்கச் சொல்கிற விசைகளை அமுக்கிவிட்டது. காதுக்குள் சங்கத்தின் ஓராண்டு வாழ்வு வெள்ளமாகப் பாய்ந்தது. தாங்க முடியாமல் கருவியைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டார். அந்தக் கையாலேயே, விழுந்துவிடாமலிருக்க, மைக்கைப் பிடித்தார்.

மண்டபத்தின் நான்கு மூலை ஒலிபெருக்கிகளிலும் ஆயிரம் கொசுக்களின் சத்தம் எழுந்தது. அஃப்ரித் பொத்தான்களைத் திருகினார். உறுப்பினர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். “மைக்க மாத்துய்யா” என்றார் ஒருவர்.

மூன்றாம் வரிசையில் மட்டும் யாரும் காதைப் பொத்தவில்லை. ஜஸீமா, இஷ்ரத், அசோகன், மங்கை எல்லோரும் நிமிர்ந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்து, கவனமாகக் கேட்டார்கள். உறுப்பினர் சேர்க்கை, நலநிதி, மழைநீர் வடிகால் பற்றிய கோரிக்கை, பொருளாளருக்கு நன்றி. சங்கத்தின் வரலாற்றிலேயே ஆண்டறிக்கையை ஒரு வரி விடாமல் கேட்டவர்கள் அவர்களாகத்தான் இருக்க வேண்டும். நடுவில் எங்கோ ஜஸீமா சிரிக்க ஆரம்பித்தாள். மங்கை அவள் தொடையில் கை வைத்ததும் நிறுத்திக்கொண்டாள்.

சத்தம் ஓய்ந்தது. அறிக்கை முடிந்துவிட்டது என்று பொருள்.

இந்த இடத்தில் தவசிமுத்துவுக்கு ஒரு வழி இருந்தது. “மங்கை, இத கொஞ்சம் சரி பண்ணிக் குடும்மா” என்று ஒரே ஒரு வாக்கியம். அவள் வந்து இரண்டு விசைகளை அமுக்கியிருப்பாள். அவர் வாயைத் திறந்ததுகூட அதற்காகத்தான் என்று நம்ப எனக்கு ஆசை. ஆனால் மேடையில் பழகிய வாய் மேடைக்குரியதைத்தான் பேசும்.

“பெரியோர்களே” என்று காகிதத்தைப் பட்டென்று மேசையில் போட்டார். “இந்த வருஷம் நம்ம ஒளி மையத்துப் பிள்ளைகளைக் கௌரவிக்கணும்னு அறிக்கைய அங்க அடிக்கச் சொன்னேன். நல்ல மனசுலதான் சொன்னேன். ஆனா இப்ப பாக்கேன், வரிக்கு வரி தப்பு. எண்ணெல்லாம் மாறிக் கெடக்கு. தப்பான கணக்கை இந்த வாய் படிக்காது. சங்கத்துக்காக நாற்காலியை விட்டாலும் விடுவேனே தவிர, பொய்யை வாசிக்க மாட்டேன்.”

கைதட்டலில் ஒலிபெருக்கி மறுபடி கீச்சிட்டது. விதியைப் படைத்த மூதாதையர்கள் எதற்காக அதைப் படைத்தார்களோ அதுவே கண் முன்னால் நடந்துவிட்டதாகப் பலருக்கும் புல்லரித்தது. செல்லக்கனிகூடக் கைதட்ட வேண்டியதாயிற்று.

“யாரும்மா அடிச்சது? நீயா?” என்று மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பிக் கேட்டார் செல்லக்கனி.

மங்கை எழுந்து நின்றாள். “நான்தான். தப்பு ஒண்ணும் இல்ல. எல்லாம் சரியாத்தான் கீது.”

“தலைவரு தப்புன்னு சொல்லுதாரே.”

“இப்பதான மைக்குலயே முழுசாப் படிச்சிச்சு. நாங்க எல்லாரும் கேட்டுகினுதான் இருந்தோம். உங்க யாருக்கும் கேக்கலியா?”

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு கிளம்பியது. “மைக்கு கத்துனத அறிக்கைன்னு சொல்லுதே வே.” “கொசு படிச்சிருக்குமோ?” “அடுத்த வருஷம் கொசுவையே தலைவராக்கிருவோம்.”

“சிரிக்காதீங்க. நலநிதி கையிருப்பு எவ்ளோன்னு கேளுங்க, சொல்றேன்.” அவள் சொன்னாள். பொருளாளர் தன் காகிதத்தைப் பார்த்துவிட்டு, தயக்கத்தோடு, சரிதான் என்றார்.

“அவதான அடிச்சா? மனப்பாடமா இருக்கும்” என்றது ஒரு குரல். அந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவள் சொன்னது சரியென்றால் தலைவர் சொன்ன தவறு எது என்று யாரும் கேட்கவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது.

மங்கை மேடைப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். சரியாக அவர் நிற்கிற இடத்துக்கு. “அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க. சத்தம் மைக்குலேர்ந்துதான வந்துச்சு?”

அவள் அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. அந்தக் குரல் எங்கிருந்து மைக்குக்கு வந்தது, யார் காதில் அது இருந்தது, எதற்காக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். இங்கே யார் வந்தார்கள், யார் அழுதார்கள் என்பதை அவள் வெளியே சொல்வதில்லை. மண்டபம் முழுக்கக் கண்ணுள்ளவர்கள் நிரம்பியிருந்தார்கள். தலைவருக்குக் கண் தெரியாது என்பது மூன்றாம் வரிசைக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர்களுக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்தது. உள்ளங்கைக்குள் அந்தக் கருவி வெதுவெதுப்பாக இருந்தது.

தவசிமுத்து சிரித்தார். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு, மைக்குக்கு மிக அருகில், தனியாகச் சிரித்தார். அது நான்கு மூலைகளிலும் கேட்டது.

அப்புறம் நடந்தவை விரைவாக நடந்தன. ஆண்டறிக்கை தலைவரால் படிக்கப்பட்டதாகக் கருதப்படும் என்று ஒரு தீர்மானம். தவசிமுத்துவே தலைவராகத் தொடர்வார் என்று ஒரு தீர்மானம். ஒளி மையத்தில் இனி இதுபோன்ற பிழைகள் நேராதபடி, கண் பார்வை நன்றாக உள்ள ஒருவரை ஆசிரியராக நியமிக்க வேண்டும் என்று ஒரு தீர்மானம். மூன்றாவதைச் செல்லக்கனி முன்மொழிந்தார். அவருடைய தங்கை மகன் ஜெஸ்வின் சும்மாதான் இருக்கிறான். யாராவது வழிமொழிய வேண்டுமே என்று அவை காத்திருந்தபோது, “சரி” என்று சொன்ன குரல் மேடையிலிருந்து வந்தது.

ஒளி மையத்துக்காரர்கள் பந்திக்கு நிற்காமல், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள். வாசலில் தலைவர் நின்று எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார். ஓரக்கண்ணில் ஒரு வரிசை நகர்வது தெரிந்தது.

“சாப்பிட்டுட்டுப் போங்கம்மா” என்றார். தலைவர் குரல்தான் வந்தது. வேறு குரல் எடுத்துப் பார்த்தார்; கிடைக்கவில்லை.

மங்கை நின்றாள். “வூட்ல கொழம்பு கீது அண்ணாச்சி.” பிறகு, பாடம் சொல்லித் தரும் அதே தொனியில், தணிந்து சொன்னாள்: “மிசின யாரோ அணைச்சித் தொறந்துட்டாங்க. அதான் எங்க வேகத்துக்குப் போயிடுச்சு. நீங்க ஒண்ணும் தப்பா அமுக்கல. நல்லாத்தான் கத்துகினீங்க.”

அவள் ஒரு வசவு சொல்லியிருந்தால் அவர் பதிலுக்கு ஒன்று சொல்லி, அன்றிரவு தூங்கியிருப்பார். யாரோ தோளில் இன்னொரு பொன்னாடையைப் போட்டார்கள். அது உறுத்தியது.

வீட்டில் ரெஜினா ஆரத்தி எடுக்காத குறைதான். “எல்லாரும் உங்க நேர்மையத்தான் பேசுதாங்களாம்” என்றாள். அவர் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மங்கைக்கு ஒரு போன் போட வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்பதைக்கூட யோசித்து வைத்தார். ஆனால் போனில் அவள் எண்ணைத் தேடியெடுக்க ரெஜினாவைத்தான் கூப்பிட வேண்டும். யார் மங்கை, எதற்கு இப்போது என்று கேட்பாள். போனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. கடையில் யாராவது, “தலைவரே, அன்னைக்குக் கலக்கிட்டீங்க” என்றால் காதுமடல் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து கொடுத்தபோது, “எனக்கு வேண்டாம்” என்று தள்ளிவிட்டார். ரெஜினா அதைப் பக்தியின் முதிர்ச்சி என்று எடுத்துக்கொண்டாள்.

கடைகள் கொட்டாவி விடும் ஒரு மதியத்தில், கால்கள் பழக்கத்தில் அவரை மாடிக்கு இழுத்துப் போயின. அவளைப் பார்ப்பதற்காக அல்ல, அவள்தான் இனி வர மாட்டாளே. துவரம்பருப்பு விலையைக் கேட்கலாம் என்று அவர் தமக்கே சொல்லிக்கொண்டார்.

அறையில் எல்லாக் குழல் விளக்குகளும் எரிந்தன. “வாங்க மாமா” என்று எழுந்தான் ஜெஸ்வின். “இருட்டா வச்சிருந்தாங்க, எல்லாத்தையும் மாத்திட்டேன்.”

“படிக்க வார பிள்ளைகள்?”

“இன்னும் ஒருத்தரும் வரல மாமா. வருவாங்க.”

தவசிமுத்து நாற்காலியைத் தடவாமல் கண்டுபிடித்து உட்கார்ந்தார். “அந்தப் படிக்கிற குரல் இருக்கும்லா. அத கொஞ்சம் போடு. மெதுவா வை. ஆய்வு பண்ணணும்.”

“அதுவா? எதைத் தொட்டாலும் நச்சுநச்சுன்னு பேசிட்டே கெடந்துச்சு மாமா. ஒரு வேலை பாக்க விடல. மொத நாளே எல்லா மிசின்லருந்தும் அழிச்சிட்டேன்.” அவன் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தான். “எல்லாம் இதுலயே தெளிவா வருது, பாருங்க.”

தவசிமுத்து திரையின் பக்கம் முகத்தைத் திருப்பி, நன்றாக இருக்கிறது என்றார்.